கத்தீட்டு வந்தான்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ருத்ரப்பா பொய் சொல்கிறார். மறதியில் வாய் தவறிச் சொன்ன பொய் இல்லை. வீட்டிலேயே இஸ்திரி போட்டு, மடித்து எடுத்துவந்து, கேமரா முன்னால் பிரித்துக் காட்டிய பொய்.

போன மாதம் ஒரு யூடியூப் சேனலில் அவர் ஒரு மணி நேரம் பேசினார். பின்னால் மெடல்கள், பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா. தேவராஜ மொஹல்லா பட்டுக்கடை முதலாளி கொலை வழக்கைப் பற்றிக் கேட்டார்கள். மைசூரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த வழக்கு அது. “கொலைகாரனைப் பிடித்தேன், ஆயுதத்தைப் பிடித்தேன், சாட்சியைப் பிடித்தேன். கோர்ட்டில் இருந்த ஒரு தமிழ் டைப்பிஸ்ட், தமிழ் ஆளைக் காப்பாற்றுவதற்காகச் சாட்சியின் வாக்குமூலத்தையே மாற்றிவிட்டான்” என்றார். சொல்லிவிட்டுப் பெருமூச்சு வேறு.

அந்தத் தமிழ் டைப்பிஸ்ட் நான்தான். முதலில் ஒரு திருத்தம்: நான் டைப்பிஸ்ட் இல்லை, ஸ்டெனோ. சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு டைப் அடிப்பவன். வேலையில் இருந்த காலமெல்லாம் மைசூர்க் கோர்ட்டில் நீதிபதிகளின் வலது கைப்பக்கம், ஒரு படி கீழே உட்கார்ந்தவன். என் பெயர் தணிகாசலம்.

வீடியோவைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. என் மனைவி சொன்னாள்: “உங்களுக்குப் பால் பாக்கெட்டப் பாத்தாலே கோபம் வரும். இதுல என்ன புதுசா?” நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் மாதேஷ் வந்தார்.

அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் மாதேஷ். விடுதலையானவர். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், சின்ன வயதிலேயே மைசூர் வந்து மார்க்கெட்டில் கைவண்டி இழுப்பவர். பேச்சில் பாதி ஊர்த் தமிழ், பாதி மார்க்கெட் கன்னடம்.

“சார், மத்தே சுரு ஆயிடுச்சுங்க” என்றார் செருப்பைக் கழற்றாமலே. மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

“உள்ள வாங்க மாதேஷ். காபி குடிக்கறீங்களா?”

“காபி வேண்டாஞ் சார். எம் பொண்ணப் பாக்க வந்தவங்க நல்லாத்தான் பேசீட்டுப் போனாங்க. தாம்பூலம் மாத்தற மட்டும் வந்தாச்சு. இப்ப போன் எடுக்க மாட்டீங்கறாங்க. அந்தப் பையனோட அண்ணன்காரன் எனக்கு அந்த வீடியோவ அனுப்பி, ‘இது நீங்களா?’ன்னு கேக்கறான். நான் என்னன்னு சார் சொல்லட்டும்?”

“விடுதலைன்னு தீர்ப்பு இருக்கே. அதக் காட்டுங்க.”

“காட்டுனனுங்க. ‘டைப்பிஸ்ட் மாத்தி எழுதுனதுன்னு இன்ஸ்பெக்டரே சொல்றாரே’ங்கறான்.”

அதற்கு மேல் எனக்கும் காபி இறங்கவில்லை. என் நாற்காலியில் இப்போது இருக்கும் சுமா, “ஸார், உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, ஜூனியர்ஸ் படிக்கணும்” என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதோ எழுதுகிறேன். ஜூனியர்களும் படிக்கட்டும், அந்தப் பையனின் அண்ணனும் படிக்கட்டும். கோர்ட்டில் பெரும்பாலும் கன்னடத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன். நம்பலாம், அது என் தொழில்.

நான் தொழில் கற்ற கதை பெரிதில்லை. அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு மைசூர் வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தட்டச்சு, சுருக்கெழுத்து. பரீட்சை, நேர்காணல், வேலை. இதற்கு மேல் விவரித்தால் எழுதும்போதே தூங்கிவிடுவேன்.

ஒரு ரப்பர் முத்திரையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். சாட்சி சொன்னதை நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்வார், நாங்கள் எழுதுவோம். கடைசியில் அதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டி, புரியாத மொழியானால் புரியும் மொழியில் விளக்கி, ‘சரிதான்’ என்று சாட்சி ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சட்டம் அப்படி. நடைமுறையில், ‘வாசித்து விளக்கிச் சொல்லப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு முத்திரை இருக்கும். அதை டப்பென்று குத்துவோம். சாட்சி கைநாட்டு வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். யாரும் யாருக்கும் எதையும் வாசித்ததில்லை. நானும் ஆயிரக்கணக்கில் குத்தியவன்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மாதேஷ் வழக்கைப் பின்னால் விசாரித்த நீதிபதி மாற்றலாகி வந்தபோது இது மாறியது. அவருக்கு விளம்பரம் பிடிக்காது. பெயரை எழுத மாட்டேன். ஒல்லியான மனிதர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வந்த முதல் வாரம் ஒரு பழைய நிலத்தகராறு வழக்கின் காகிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“தணிகாசலம், இந்தச் சாட்சியத்த எழுதினது நீங்களா?”

“ஆமா ஸார்.”

“எல்லைக்கல் எங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்க, படிங்க.”

படித்தேன். ‘எல்லைக்கல் புலிக்கு அடியில் இருக்கிறது’ என்று கன்னடத்தில் சுத்தமாக எழுதியிருந்தேன். நடந்தது இதுதான். சாட்சி தமிழ் விவசாயி. புளியமரத்தைக் கன்னடத்தில் சொல்ல நினைத்து, நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’ ஆகிற கணக்கில் புளியை ஹுளி ஆக்கியிருக்கிறார். கன்னடத்தில் ஹுலி என்றால் புலி. என் விரலுக்கு ளகரம் லகரம் பார்க்க நேரமில்லை. கீழே முத்திரை: சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.

“அந்தப் புலி இன்னும் அங்கயே நிக்குதா, இல்ல மேய்ச்சலுக்குப் போயிருக்கா?” என்றார். சிரிக்கவில்லை. “இனிமே என் ஹால்ல வாசிச்சுக் காட்டாம முத்திரை கிடையாது. சாயங்காலத்துக்கு வெக்காதீங்க. சாப்பாட்டுக்கு முன்னால பாதி, அப்புறம் மீதி. அந்தந்த வேளைக்கு அந்தந்த வாசிப்பு.”

அவரைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. மேடையில் உட்கார்ந்ததும் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். எனக்கு ஒரு படி கீழே இடம் என்பதால் அவர் முகம் தெரியாது, பாதம் தெரியும். சாட்சி உண்மை பேசினால் இரண்டு பாதமும் தரையில் பேசாமல் இருக்கும். பொய் வாடை அடித்தால் வலது கால் மெதுவாகச் செருப்பைத் தேடும். மேலே முகம் கோயில் விக்கிரகம் மாதிரி இருக்கும். கீழே கால் தேடிக்கொண்டிருக்கும். வக்கீல்கள் அவர் முகத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். நான் காலைப் பார்த்துத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டேன்.

இனி வழக்கு. தசரா சமயம். ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால், மத்தியானம், தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கிடங்கில் பட்டுக்கடை முதலாளி குத்துப்பட்டுக் கிடந்தார். பெரிய குடும்பம். சாயங்காலத்துக்குள் சந்துவாசலில் டிவி வண்டிகள் நின்றன. அதே சாயங்காலம் மாதேஷைப் பிடித்தார்கள். காரணம் மூன்று. அன்று காலையில், வண்டி நிறுத்துகிற இடம் தொடர்பாக முதலாளியோடு அவருக்குச் சண்டை நடந்திருந்தது. சட்டையில் ரத்தம் இருந்தது. சந்துக்குள்ளிருந்து அவர் ஓடிவந்ததை ஒருத்தி பார்த்திருந்தாள்.

அந்த ஒருத்திதான் பழனியம்மா. சந்துமுனையில் பூ விற்பவர். இவரும் கௌதள்ளிப் பக்கம். மார்க்கெட்டில் மற்றவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கென்று ஒரே நேரத்தில் கண் தெரியாமல் போயிருந்தது. தசரா ஸ்பீக்கர் சத்தத்தில் காதும் கேட்காமல் போயிருந்தது. இவருக்கு மட்டும் இரண்டும் வேலை செய்தது.

ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். பழனியம்மா அவசரத்தில், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொன்னது இது: “மாதேஷ கத்தீட்டு பந்தா.” கத்தீட்டு, தமிழ், கூச்சல் போட்டுக்கொண்டு. பந்தா, கன்னடம், வந்தான். கான்ஸ்டபிள் காதில் எல்லாமே கன்னடமாக விழுந்தது: கத்தி இட்டு பந்தா. கன்னடத்திலும் கத்தி, கத்திதான். ஆனால் ‘கத்தி இட்டு’ என்றால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்றாகிவிடும். அது கதைக்கு உதவாது. ‘இட்டு’வுக்குப் பக்கத்தில் ஒரு ‘கொண்டு’ சேர்த்தால் கத்தியை வைத்துக்கொண்டு என்றாகும். யாரோ சேர்த்தார்கள். வரிக்கு மேலே கூரை மாதிரி இடைச்செருகல் குறி போட்டு, வேறு மையில்.

கான்ஸ்டபிளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டதை எழுதினார். காது பிழை செய்யும். பேனா தானாகப் போய் மை மாற்றிக்கொண்டு வராது.

வாக்குமூலத்தில் கத்தி வந்துவிட்டால் கையிலும் கத்தி வர வேண்டுமே. விஜயதசமி முடிந்து இரண்டு நாள் கழித்து, மாதேஷே இடம் காட்டியதாகச் சொல்லி, பக்கத்துக் கால்வாயிலிருந்து ருத்ரப்பா ஒரு கத்தியை எடுத்தார். டிவியில் அதைத் தூக்கிக் காட்டினார். ஊர் கைதட்டியது. நானும் வீட்டில் உட்கார்ந்து, “மனுஷன் கெட்டிக்காரன்தான்” என்றேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வருடம் கழித்து வழக்கு எங்கள் ஹாலுக்கு வந்தது. மாதேஷ் அதுவரை ஜெயிலில். பழனியம்மா சாட்சி சொல்ல வந்த நாள் ஹாலில் கால் வைக்க இடமில்லை. ருத்ரப்பா முன் பெஞ்சில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உனக்குக் கன்னடம் தெரியுமேம்மா, கன்னடத்திலேயே சொல்லு” என்றார் அரசு வக்கீல்.

“பூ விக்கறதுக்குக் கன்னடம் போதுமுங்க சாமி. சத்தியம் பண்றதுக்கு என்ர பேச்சுதானுங் வேணும்” என்றார் பழனியம்மா.

நீதிபதி என்னைப் பார்த்தார். எனக்கும் சத்தியப் பிரமாணம் செய்துவைத்து மொழிபெயர்ப்பாளனாக்கினார்கள். கேள்வியை நான் தமிழில் கேட்க வேண்டும், பதிலைக் கன்னடத்தில் சொல்ல வேண்டும், அவர் வாக்கியமாக்கியதும் டைப் அடிக்க வேண்டும். மூன்று ஆள் வேலை.

“வயசு என்னங்கம்மா?”

“உங்களுக்கு எது தோணுதோ எழுதிக்குங்க.”

“அம்பதுன்னு போடலாமா?”

“நாப்பத்தஞ்சு போடுங்க. கோர்ட்டு எழுத்து, நாலு பேரு பாப்பாங்க.”

கூண்டில் நின்ற மாதேஷ்கூடச் சிரித்துவிட்டார். அரசு வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு நேராக என் தலைக்கு மேலாக, கன்னடத்தில், வாக்குமூலத்தில் இருந்ததை அப்படியே கேட்டார்: “மாதேஷ கத்தி இட்டுகொண்டு பந்தா, அல்வாம்மா?” அல்வா என்றால் அல்லவா.

நான் வாயைத் திறப்பதற்குள் பழனியம்மா பதில் சொல்லிவிட்டார்: “ஆமாங்க, கத்தீட்டுத்தான் வந்தான். அந்தச் சந்தே அதிந்துபோச்சு.”

கேட்டவர் ஒன்றைக் கேட்டார். சொன்னவர் இன்னொன்றைச் சொன்னார். ஓசை மட்டும் ஒன்று. எதிர்த்தரப்பு வக்கீல் இலவசச் சட்ட உதவியில் வந்தவர், அந்த நேரத்தில் கீழே விழுந்த காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான்? ‘மாதேஷ் கத்தி வைத்துக்கொண்டு வந்தான்’ என்று டைப் அடித்தேன். சந்து அதிர்ந்தது பயத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ‘கத்திக்கினு வந்தான்’ என்போம். அது காதில் விழுந்திருந்தால் அக்கணமே நிமிர்ந்திருப்பேன். ‘கத்தீட்டு’ என் காதுக்குப் பழக்கமில்லாத தமிழ். தமிழ் ஆளைக் காப்பாற்ற வந்த தமிழ் டைப்பிஸ்ட் முதலில் செய்த காரியம், அந்த ஆளின் கையில் தானும் ஒரு கத்தியைக் கொடுத்ததுதான். ருத்ரப்பா, இது உங்கள் வீடியோவில் இல்லை.

மணி ஒன்று. கத்தியைக் காட்டி அடையாளம் கேட்க வேண்டியது பாக்கி. வழக்குப் பொருள் அறையின் சாவி வைத்திருந்தவர் வர நேரமானதால், அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேறு ஹாலாக இருந்தால் அப்படியே எழுந்து போயிருப்பார்கள்.

“வாசிங்க” என்றார் நீதிபதி.

எல்லாரும் டிபன் டப்பாவை நினைத்துக்கொண்டு நிற்க, நான் கடகடவென்று தமிழில் வாசித்தேன். பெயர், வயது நாற்பத்தைந்து, பூ வியாபாரம், சந்து, மத்தியானம். “அப்போ மாதேஷ் கையில கத்தி வெச்சிக்கினு வந்தான்.”

“ஏனுங்க, நில்லுங்க நில்லுங்க. எந்தக் கத்தி?”

“நீங்கதானம்மா சொன்னீங்க, கத்தின்னு.”

“நான் எங்கீங்க சொன்னேன்?”

“இப்பத்தானம்மா. கத்தீட்டுத்தான் வந்தான்னு.”

“அடக் கெரகமே! கத்தீட்டு வந்தான்னா வாயில கத்தீட்டு வந்தானுங்க. வாயில! கத்திய யாருங்க வாயில வெச்சிட்டு வருவாங்க?” தன் வாயிலேயே இரண்டு அடி அடித்துக் காட்டினார். “நீங்க தமிழாளுதானுங்க?”

எழுந்து நின்று நீதிபதியிடம் விஷயத்தைச் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். ஹாலில் கொல்லென்று சத்தம். அரசு வக்கீல், “சாட்சி புரண்டுவிட்டாள்” என்றார். முன் பெஞ்சிலிருந்து ருத்ரப்பா எழுந்தார்.

“ஸ்வாமி, இவரும் தமிழ், அவனும் தமிழ், அந்தம்மாவும் தமிழ். மூணு பேரும் சேர்ந்து எங்க கண்ணு முன்னாலயே…”

நான் கீழே பார்த்தேன். வலது கால் செருப்பைத் தேடியது. அவர் சந்தேகப்படுவது என்னையா, ருத்ரப்பாவையா? தெரியவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு வருடம்.

“தணிகாசலம், நீங்க வாயத் திறக்காதீங்க” என்றார் நீதிபதி. “இன்ஸ்பெக்டர், நீங்களும் உக்காருங்க. யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டாம்.” பிறகு பழனியம்மாவைப் பார்த்து, பூக்காரியிடம் பேசுகிற எளிய கன்னடத்தில் சொன்னார்: “அம்மா, அவன் எப்படி வந்தான்? வார்த்தை வேண்டாம். செய்து காட்டுங்க.”

பழனியம்மா சேலை முந்தானையை இழுத்துச் செருகினார். கூண்டிலிருந்து இறங்கினார். ஹாலின் கடைசிவரை நடந்து போய்த் திரும்பினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துக்கொண்டு, ஒரு ஓட்டம்.

“ஐயய்யோ! ஓடியாங்க! மொதலாளியக் குத்திப்போட்டாங்க! யாராச்சும் ஓடியாங்க!”

அந்தத் தொண்டை, மார்க்கெட்டில் நாலு பூக்கடைக்கு நடுவில் ஜெயித்த தொண்டை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே பாய்ந்தார்கள். இரண்டு கான்ஸ்டபிள்கள் லத்தியோடு வந்தார்கள். பக்கத்து ஹாலில் நடந்த விவாகரத்து வழக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஓடிவந்தார்கள். அந்த வருடம் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். மாதேஷ் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மூன்று வருடத்துக்கு முன் அவர் போட்ட கூச்சல் அன்றைக்குத்தான் ஒருவர் காதில் விழுந்திருக்கிறது.

நீதிபதி கேட்டது ஒன்றுதான்: “கையில என்ன இருந்தது?”

பழனியம்மா, தூக்கிய கையை இறக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அவருக்குக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் பேசாமல் இருந்தன.

நீதிபதி சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினேன். முன்பு எழுதியதை அடித்து மறைக்கவில்லை. இன்னது எழுதப்பட்டது, வாசித்துக் காட்டியபோது சாட்சி இவ்வாறு மறுத்தார் என்று இரண்டும் தாளில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துப் பார்க்கலாம். ருத்ரப்பா சொல்கிற ‘மாற்றம்’ இதுதான்.

மத்தியானம் கத்தி வந்தது. வெள்ளைத் துணி, அரக்கு முத்திரை. பிரித்துப் பழனியம்மாவின் முன்னால் நீட்டினார்கள். “இதைப் பார்த்திருக்கியா?”

“இல்லீங்க.” குனிந்தார். இன்னும் குனிந்தார். “ஏனுங்க, இது சாக்கடையில கெடந்ததுங்களா?”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா.”

“அதில்லீங்க. சந்தனம் வெச்சு, பொட்டு வெச்சு இருக்குதே. சாக்கடைக்குள்ள போயி யாருங்க ஆயுத பூச போட்டது?”

முதலில் யாருக்கும் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. நீதிபதி கத்தியைக் கேட்டு வாங்கினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அலகும் மரப்பிடியும் சேருகிற இடத்தில், ஆணியைச் சுற்றி, காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும். அலகின் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு. மைசூரில் பிறந்த எவனுக்கும் அது என்னவென்று பரிசோதனைச் சாலை சொல்ல வேண்டியதில்லை. அரிவாள்மனை முதல் ஆட்டோ வரை ஆயுத பூஜையன்று நாம் வைக்கிற அதே பொட்டு. பரிசோதனை அறிக்கையில், ‘சிவப்புக் கறை, ரத்தம் இல்லை’ என்று எழுதித்தான் இருந்தது. ரத்தம் இல்லை என்பதோடு எல்லாரும் மூடிவைத்துவிட்டோம். பின் அந்தச் சிவப்பு என்ன என்று கேட்க ஒரு பூக்காரி வர வேண்டியிருந்தது.

கணக்கைப் பாருங்கள். கொலை, ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால். ருத்ரப்பா கதைப்படி, கொன்ற உடனே கத்தி கால்வாய்க்குள் போய்விட்டது. விஜயதசமிக்குப் பிறகே வெளியே வந்தது. அப்படியானால் பூஜை அன்றைக்குக் கத்தி தண்ணீரில் இருந்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து ருத்ரப்பாவே சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் சொன்னதையும் எழுதியவன் நான்தான்.

“கத்தியில ஏன் ரத்தம் இல்லை?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அவர் இப்போது காகிதம் தேடவில்லை.

“ஒரு வாரம் தண்ணியில கிடந்தது. கழுவிப் போயிருக்கும்.”

நீதிபதி பேனாவை வைத்தார். “ரத்தத்தக் கழுவின தண்ணி, குங்குமத்த மட்டும் விட்டுடுச்சா?”

ருத்ரப்பா மீசையைத் தொட்டார். “ஸ்வாமி, ஆயுத பூஜை அன்னிக்கு ஸ்டேஷன்ல இருக்கற எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெப்போம். அப்போ யாராவது இதுக்கும்…” என்று ஆரம்பித்தவர், நின்றார்.

“பூஜை அன்னிக்கு இது ஸ்டேஷன்ல இருந்ததா?”

கீழே ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது: செருப்பு இரண்டும் காலில் ஏறிய சத்தம்.

“ஞாபகமில்லை” என்றார் ருத்ரப்பா.

ஞாபகமில்லை என்று டைப் அடித்தேன். அவருக்கும் வாசித்துக் காட்டினேன், நிறுத்தி நிறுத்தி. “இன்ஸ்பெக்டர் ஸார், ‘ஞாபகமில்லை’ சரிதானே?” என்று கேட்டேன். முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரையை அன்று கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

மாதேஷ் விடுதலையானார். சட்டையில் இருந்த ரத்தம், கிடந்தவரைத் தூக்கப் பார்த்தபோது பட்டது என்ற விளக்கத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டார். கத்தியைப் பற்றி, ‘அரசுத் தரப்பு விளக்கவில்லை’ என்று ஒரே வரி. கொலை செய்தவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதலாளியின் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்கவில்லை. கூச்சல் போட்டுக்கொண்டு வந்தவனைப் பிடித்து வைத்துவிட்டு, கூச்சல் போடாமல் போனவனைத் தேடாமல் விட்டால் அப்படித்தான் ஆகும்.

எனக்கும் பரிசு கிடைத்தது. நான் சாட்சியைக் கலைத்ததாக யாரோ கையெழுத்தில்லாமல் புகார் போட்டார்கள். விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. நாலு பக்கம் எழுதி நீதிபதியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நாலு பக்கத்தையும் திருப்பித் தந்தார். “கோபம் தெரியுது, விஷயம் தெரியல” என்று சொல்லி, மெமோவின் ஓரத்தில் அவரே எழுதினார்: ‘வாசித்துக் காட்டினார். இது குற்றம் என்றால், உத்தரவிட்டவன் நான்.’ அதன்பிறகு அந்த மெமோவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையிலும் கோபம்தான் அதிகம் தெரிகிறதோ என்னவோ. அவர் இல்லை, திருப்பித் தர.

இப்போது கோர்ட்டில் பேசுவதைத் தானே எழுதும் மிஷின் வந்திருக்கிறது. அதுவே தமிழிலிருந்து கன்னடத்துக்கும் மாற்றுமாம். போன வாரம் சுமா அதைத் தன் போனில் காட்டினாள். நான் பழனியம்மா மாதிரியே சொன்னேன்: “மாதேஷ் கத்தீட்டு வந்தான்.” மிஷின் கொஞ்சம் யோசித்து, கன்னடத்தில் எழுதியது: மாதேஷ் கத்தியோடு வந்தான்.

“ஐயோ ஸார், இதுவும் தப்பா எழுதுதே” என்றாள் சுமா.

“பரவாயில்லம்மா. இது கத்தி வரைக்கும்தான் போச்சு. குங்குமம் வெக்கல” என்றேன்.

ஜூனியர்களே, மிஷின் எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசித்துக் காட்டாமல் முத்திரை குத்தாதீர்கள். என் அனுபவம் மொத்தமும் அவ்வளவுதான்.

இதை எழுதுமுன் பழனியம்மாவிடம் அனுமதி கேட்கப் போனேன். அதே சந்துமுனை, அதே தொண்டை. “எழுதுங்க, நானா வேண்டாங்கறேன்? போட்டோ மட்டும் போட்றாதீங்க. வயசு நாப்பத்தஞ்சுன்னு கோர்ட்டுல எழுதியிருக்குது” என்றார். மாதேஷின் மகள் விஷயத்தைச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தார். “அந்தப் போலீசுக்காரரு என்ன சொல்றாருங்க?”

“ஒண்ணும் சொல்லல. பெருமூச்சு விட்டாரு.”

“அப்ப அவரையும் செஞ்சு காட்டச் சொல்லுங்க” என்றார்.

ருத்ரப்பா அவர்களே, கொள்ளேகாலில் வேலை பார்த்த நீங்கள் தமிழ் பேசுவீர்கள். படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதனால் இதைக் கன்னடத்திலும் நானே எழுதி உங்கள் வீட்டுக்கும் அந்தச் சேனலுக்கும் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, வாசித்துப் பார்த்துவிட்டேன். நான் சாட்சியை மாற்றினேன் என்றால் நகல் எடுத்து, வரியைக் காட்டுங்கள். அது முடியாவிட்டால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கால்வாய்க்குள் கிடந்த கத்திக்கு ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்தது யார்? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். மாதேஷ் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ‘ஞாபகமில்லை’ வேண்டவே வேண்டாம், அது ஏற்கெனவே என்னிடம் டைப் அடித்து, உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. அதே கேமரா, அதே பிளாஸ்டிக் ரோஜா, அதே நாற்காலி. அந்தப் பெண்ணைப் பார்க்க வந்தவர்களும் மைசூர் ஊரும் கேட்கும்படி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கத்தீட்டுச் சொல்லுங்கள்.